பூஜ்யம் சொன்ன தாய் வகுப்பு

பிரோஷ்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். வெள்ளைப் பலகையில் அடுத்தவர் எழுதியதை அழிக்கவும் மாட்டாள். அதன் மேலேயே ஒரு கோடு இழுத்து, மார்க்கரை மூடிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். அழித்தால்கூட எழுதியவர் பிழைத்துக்கொள்ளலாம். கோடு போட்ட வரியோ நாள் முழுக்க அங்கேயே கிடந்து மானத்தை வாங்கும்.

அந்தத் திங்கட்கிழமை காலை மானம் போனவன் நெபோய்ஷா. அதைப் பற்றி அவன் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மேசை விளிம்பில் உட்கார்ந்து, எண்ணெய் கசியும் பூரெக் அப்பத்தைக் காகிதத்தோடு சேர்த்துப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"அதுல என்ன தப்பு?" என்றான் வாய் நிறைய.

"தாய் வகுப்புக்குத் தெரியாத பதில அது ஏன் சொல்லுது? அதான் தப்பு."

செர்பியாவின் நோவி சாட் நகரத்தில் மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது அந்தச் சின்னக் கம்பெனி. சொந்தக்காரி யாகோதா. பசுமைக்குடில் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு நிரல் எழுதிக் கொடுப்பது அவர்களுடைய தொழில். விவசாயி தன் விதியைத் தானே எழுதிக்கொள்ளலாம். உள்ளே வெப்பம் ஏறினால் ஜன்னலைத் திற, மண் காய்ந்தால் தண்ணீர் விடு என்கிற மாதிரி. அந்த விதி ஒவ்வொன்றும் கணக்கு வாத்தியார் சொல்லும் கோவைதான். ஓர் எண் ஒரு கோவை. வெப்பமானி காட்டும் அளவு ஒரு கோவை. அந்த இரண்டையும் கூட்டினால் அதுவும் கோவை. அதை இன்னொன்றோடு ஒப்பிட்டால் அதுவும் கோவை. ஒன்றுக்குள் ஒன்றாக எவ்வளவு ஆழத்துக்கும் போகலாம்.

நிரலில் இந்த ஒவ்வொரு வகைக்கும் எழுதும் அச்சுக்கு வகுப்பு என்று பெயர். இவை அத்தனைக்கும் மேலே பொதுவாக ஒரு தாய் வகுப்பு வேண்டும். அதற்குக் 'கோவை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். வெறும் கோவை என்று உலகத்தில் எதுவும் கிடையாது. எண்ணாகவோ கூட்டலாகவோ ஒப்பீடாகவோ இருந்தால்தான் அதற்கு உடம்பு உண்டு. அதனால் தாய் அருவமானவள். என் பிள்ளை என்றால் இன்னின்ன வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்வதோடு அவள் பொறுப்பு முடிந்தது. இங்கே வேலை இரண்டுதான். பிள்ளை தன்னைத் திரையில் எழுதிக் காட்ட வேண்டும். மதிப்பு என்ன என்று கேட்டால் சொல்ல வேண்டும்.

போன வாரம் நெபோய்ஷா தாய்க்கு இடப்பக்கம், வலப்பக்கம் என்று இரண்டைக் கொடுத்திருந்தான். கூட்டலுக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது அவன் நியாயம். "ஏழுன்னு ஒரு எண்ணு இருக்கு. அதுக்கு எடப்பக்கம் எது?" என்று பிரோஷ்கா கேட்டதும் சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டான். இந்த வாரம் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். மதிப்பு சொல்லும் வேலையைப் பிள்ளை எழுதாமல் விட்டுவிட்டால், நிரலைச் சரிபார்க்கும் கம்பைலர் கத்தாதபடி தாயே 'பூஜ்யம்' என்று சொல்லிச் சமாளித்துவிட வேண்டுமாம்.

"ஒருத்தன் புதுசா பிள்ளை வகுப்பு எழுதறான்னு வை," என்றான். "பாதியில காபி குடிக்கப் போறான். திரும்பி வந்து ஓட்டிப் பாத்தா கம்பைலர் ஸ்க்ரீன் முழுக்கச் சிவப்பா திட்டுது. பாவமா இல்ல?"

"இல்ல. எழுதி முடிக்காம அவன் ஏன் காபிக்குப் போனான்?"

"பிள்ளைக்குப் பதில் தெரியலேன்னா அம்மா ஒண்ணு சொல்லிட்டுப் போறா. இதுல என்ன குடி முழுகிப்போச்சு?"

"பூஜ்யமும் ஒரு பதில்தாண்டா. பதிலே சொல்லாம இருக்கறது வேற, பூஜ்யம்னு சொல்றது வேற. கேக்கறவளுக்கு எது எதுன்னு எப்படித் தெரியும்?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் கொஞ்சம் பிசிறியது. யாகோதா தன் மேசையிலிருந்து மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். யாரிடமும் எதையும் மறைத்துப் பேசத் தெரியாத பெண்மணி அவள். "கோவையப் பத்தித்தான் பேசிக்கிறீங்களா, இல்ல வேற ஏதாவதா?" என்று கேட்டாள்.

"கோவையப் பத்தித்தான்," என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். நெபோய்ஷா சொன்னது உண்மை. பிரோஷ்கா சொன்னது பச்சைப் பொய்.

வரும் சனிக்கிழமை மித்ரோவ்தான் திருநாள். நெபோய்ஷா வீட்டுப் புனிதரின் நாள், அவர்களுடைய ஸ்லாவா. ஸ்லாவாவுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கதவு திறந்திருக்கும், வருகிறவர்கள் வருவார்கள். எப்போதோ ஒருமுறை வா என்று சொல்லியிருந்தால் அது ஆயுசுக்கும் செல்லும். மறுபடி கூப்பிட்டால் அதுதான் மரியாதைக் குறைவு. பிரோஷ்கா சுபோத்திட்ஸாவில் பிறந்த ஹங்கேரியப் பெண். அவள் வீட்டில் ஸ்லாவா கிடையாது என்றாலும் செர்பியர்களோடு சேர்ந்து வளர்ந்தவள், இது தெரியாதவள் இல்லை. தெரிந்தால் மட்டும் போதுமா, மனசு கேட்க வேண்டாமா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், இவள் கம்பெனியில் சேர்ந்த புதிதில், நெபோய்ஷா வாசலில் நின்று கையை ஒரு வீசு வீசி, "மித்ரோவ்தானுக்கு எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்துடுங்க" என்று சொன்னான். அவன் கூப்பிட்டது அவ்வளவுதான். புதியவள் என்பதால் அந்த வருஷம் கூச்சப்பட்டு அவள் போகவில்லை. அந்தக் குளிர்காலத்தில் இரண்டு பேருக்கும் பிடித்துப்போய், டான்யூப் கரையில் கை கோத்து நடந்து, ஊருக்கே தெரிந்துபோயிற்று. அதற்கடுத்த மித்ரோவ்தான் வந்தபோது அவன் கூப்பிடுவான் என்று பிரோஷ்கா காத்திருந்தாள். ஆபீஸ்காரியாகப் போவது ஒன்று, அவன் அம்மா முன்னால் அவனுடையவளாகப் போய் நிற்பது வேறொன்று. அதற்கு ஒரு வார்த்தையாவது வேண்டாமா? அவன் வாயைத் திறக்கவில்லை. அவள் சுபோத்திட்ஸாவுக்கு ரயிலேறி, அம்மா வீட்டில் நாள் முழுக்கப் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்த பிறகு இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

இந்த வருஷமும் அவன் வாய் திறக்கவில்லை. இதற்கிடையில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஹங்கேரியின் ஸெகெட் நகரத்தில் ஒரு வேலை தயாராகக் காத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கூப்பிட்டால் இருப்பது, கூப்பிடாவிட்டால் கிளம்புவது என்று பிரோஷ்கா மனதுக்குள் முடிவு கட்டியிருந்தாள். முடிவு கட்டிய பிறகும் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அவன் மேல் அவ்வளவு ஆசை.

வெள்ளைப் பலகைச் சண்டையை யாகோதாதான் தீர்த்து வைத்தாள். "புதன்கிழமை சரக்கு போயாகணும். பூஜ்யம் இப்போதைக்கு இருக்கட்டும். அப்புறம் அடிச்சுக்கோங்க." நெபோய்ஷாவின் பூஜ்யம் தாய் வகுப்பில் சௌகரியமாகக் குடியேறியது.

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. பக்கத்து ஊரான ஃபூடோக்கில் பசுமைக்குடில் வைத்துக் கீரை போடும் மிலிவோய். யாகோதா எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"யம்மா, என் கீரைய வெந்நீர்ல குளிப்பாட்டுங்கன்னு நான் கேட்டேனா?"

"என்ன ஆச்சு மிலிவோய்?"

"வெளிய வெயில் அடிக்குது, ஹீட்டர் நிக்காம எரியுது. நான் அணைக்கிறேன், அது போடுது. நான் அணைக்கிறேன், அது போடுது. என் பொண்டாட்டிகூட இவ்வளவு பிடிவாதம் பிடிச்சதில்ல. கீரையெல்லாம் கழுத்து தொங்கிக் கெடக்கு."

விதி சின்னதுதான். ஒரு மணி நேரச் சராசரி வெப்பம் பத்து டிகிரிக்குக் கீழே போனால் ஹீட்டரைப் போடு. மிலிவோய் சொன்ன வெயிலுக்குச் சராசரி பத்துக்கு எங்கோ மேலே இருந்திருக்க வேண்டும். பிரோஷ்கா உடனே எழுந்துவிட்டாள்.

"பூஜ்யம்," என்றாள். "சராசரி வகுப்பு மதிப்பே சொல்லல. உங்க அருமைத் தாய் அது சார்பா பூஜ்யம்னு சொல்லியிருக்கா. பூஜ்யம் பத்துக்குக் கீழதானே? ஹீட்டர் ஏன் நிக்கும்? நான் திங்கக்கிழமையே தொண்டத்தண்ணி வத்தச் சொல்லல?"

நெபோய்ஷா தலையைச் சொறிந்தான். அவள் தன் கணினியில் சராசரி வகுப்பைத் திறந்தாள். இதை எழுதிய புண்ணியவான் யார் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படிக்கும் எண்ணத்தோடு, எழுதியவர் பெயர் இருக்கும் முதல் வரியைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எழுதியது அவளேதான்.

தன்னை எழுதிக் காட்டும் வேலை கச்சிதமாக இருந்தது. திரையில் விதி அழகாகத் தெரிந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மதிப்பு சொல்லும் வேலை இருக்க வேண்டிய இடம் காலி. எப்போது விட்டோம் என்பதும் அவளுக்கு நினைவு வந்தது. செவ்வாய்க்கிழமை அதை எழுத ஆரம்பித்த நேரத்தில்தான் ஸெகெட்டிலிருந்து மறுபடி போன் வந்து, யார் காதிலும் விழக் கூடாதென்று மாடிப்படிக்கு ஓடினாள். திரும்பி வந்து ஓட்டினாள். ஓடியது. கம்பைலர் மூச்சு விடவில்லை. எழுதிவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிவிட்டுத் தானே போய் விழுந்த வெட்கத்தில் அவள் முகம் சிவந்தது. இப்போது நெபோய்ஷா ஒரே ஒரு கேலி செய்திருந்தால்கூட அவள் அன்றைக்கே கிளம்பியிருப்பாள். அவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"உன் தப்பு இல்ல," என்றான் மெதுவாக. "பூஜ்யம் மட்டும் இல்லேன்னா கம்பைலர் அன்னிக்கே கத்தியிருக்கும். நான்தான் அது வாயப் பொத்தி வெச்சேன். நகரு."

தாய் வகுப்புக்குப் போய் பூஜ்யம் சொல்லும் வரியை அழித்தான். அந்த இடத்தில், மதிப்பு சொல்வது பிள்ளையின் கடமை, தாய் சொல்ல மாட்டாள் என்று அறிவித்தான். பிறகு ஓட்டினான். திரை சிவந்தது. சராசரியோடு இன்னும் சில வகுப்புகளும் மதிப்பு சொல்லாமல் இந்த மூன்று நாளும் தாயின் முந்தானைக்குள் ஒளிந்திருந்தன. அவற்றில் பாதி நெபோய்ஷா எழுதியவை.

"அடப்பாவி," என்றாள் பிரோஷ்கா. அவளை மீறி சிரிப்பு வந்தது.

ஒவ்வொன்றாகத் திறந்து எழுதிக்கொண்டே வந்தார்கள். அவன் சொல்ல அவள் தட்டினாள். தோளோடு தோள் உரசியது. அவன் மேல் அடித்த வெங்காய வாசனைகூட அவளுக்கு அப்போது பிடித்திருந்தது. இதை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று நினைத்தாள்.

"அந்த எடத்துல நீ எப்பவும் விட மாட்டியே. என்ன ஆச்சு?" என்று கேட்டான்.

"போன் வந்துது. ஸெகெட்லேர்ந்து. அங்க ஒரு வேலை இருக்கு. நாளைக்குள்ள பதில் சொல்லணும்."

நெபோய்ஷாவின் விரல் திரையைக் காட்டியபடியே நின்றுவிட்டது. அவன் முகத்தில் ரத்தம் இல்லை.

"பாத்தியா," என்றாள் பிரோஷ்கா. "இப்பவும் நீ ஒண்ணும் சொல்லல. நானா பூஜ்யம்னு எழுதிக்கணும். எத்தன தடவ எழுதிக்கறது?"

"நான் என்ன சொல்லணும்? சொல்லு."

"சனிக்கெழம என்ன?"

"ஸ்லாவா."

"அது ஊருக்கே தெரியும். எனக்கு என்ன?"

அவன் நிஜமாகவே விழித்தான். "உன்னத்தான் அப்பவே கூப்பிட்டாச்சே."

"அப்ப நீ கூப்பிட்டது ஆபீஸ. என்னக் கூப்பிடல. அப்ப நான் உனக்கு யாரு?"

நெபோய்ஷா நாற்காலியை அவள் பக்கம் திருப்பினான். "போன வருஷம் நீ வரல," என்றான். "நீ கத்தோலிக்கப் பொண்ணு. எங்க வீட்டு மெழுகுவத்தி முன்னாடி வந்து நிக்க இஷ்டமில்லையோன்னு நெனச்சேன். கேட்டா கட்டாயப்படுத்தற மாதிரி இருக்குமேன்னு கேக்கல. அம்மா உனக்கு ஒரு தட்டு வெச்சுட்டு, ராத்திரி விருந்தாளிங்க எல்லாம் கெளம்பற வரைக்கும் அத யாரையும் எடுக்க விடல. நானும் எடமில்லாம நின்னவங்களக்கூட அங்க ஒக்கார வெக்கல."

மடியில் போனை வைத்துக்கொண்டு பிரோஷ்கா சுபோத்திட்ஸாவில் உட்கார்ந்திருந்த அதே நாள், இங்கே ஒரு தட்டு அவளுக்காகக் காத்திருந்தது. அடுத்தவர் சொல்லாத பதிலைச் சொல்லக் கூடாது என்று பலகையில் கோடு போட்டுத் திரிந்தவள், ஒரு வருஷமாக அவனுடைய பதிலைத் தானே எழுதி வைத்துக்கொண்டு அதற்காக அழுதிருக்கிறாள்.

"ஏண்டா சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

யாகோதா அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாள். "மொதல்ல மிலிவோயோட ஹீட்டர அணைங்க. அப்புறம் ஒருத்தர ஒருத்தர் கட்டிப்பிடிச்சு அழுங்க. நான் வேணா வெளிய போறேன்."

ஹீட்டரை அணைத்தார்கள். மிலிவோய் மறுபடி போன் செய்து, கீரை பாதி தேறிவிடும், மீதிக்கு நீங்கள் வந்து பாட்டுப் பாடித் தூக்கி நிறுத்துங்கள் என்றார். நெபோய்ஷா எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். "பிரோஷ்கா, சனிக்கெழம எங்க வீட்டு ஸ்லாவாவுக்கு வா. ஆபீஸ்லேர்ந்து இல்ல. எனக்காக." அவன் ஊர் வழக்கப்படி பார்த்தால் இது மகா கேவலம். அவன் சொன்னான்.

"வர்றேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஸெகெட்டுக்குப் போன் செய்து திங்கட்கிழமை வரை அவகாசம் கேட்டுக்கொண்டாள். அவனை நம்பாமல் இல்லை. கூப்பிட்டான், சரி. யாராகக் கூப்பிட்டான் என்பது அந்த மேசையில்தான் தெரியும்.

சனிக்கிழமை பக்கத்து ஊரான கார்லோவ்ட்ஸியில் நெபோய்ஷா வீட்டுக் கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே, முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டிய சர்மா கொதிக்கும் வாசனை. நெபோய்ஷாவின் அம்மா தெசான்கா, வேகவைத்து அரைத்து வால்நட்டும் சர்க்கரையும் கலந்த கோதுமைத் தட்டோடு வாசலுக்கு வந்தாள். பிரோஷ்கா சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுத்தாள். போட்ட பிறகுதான் அது தன் கத்தோலிக்க வீட்டுச் சிலுவை, இங்கே இடத்தோளுக்கு முன்னால் வலத்தோளைத் தொட வேண்டும் என்று உறைத்தது.

"மன்னிச்சுக்கோங்கம்மா, பழக்கத்துல..."

"எந்தத் தோள்ல ஆரம்பிச்சா என்ன, கோதும வாய்க்குள்ளதான போகுது," என்றாள் தெசான்கா. "உள்ள வா. குளிருது பாரு."

அப்பா போன பிறகு வீட்டுத் தலைவன் நெபோய்ஷாதான். ஸ்லாவா அன்றைக்குத் தலைவன் உட்காரக் கூடாது. அவன் கையில் ராக்கியாச் சாராயப் பாட்டிலோடு நாற்காலி நாற்காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தான். மேசையின் தலைமாட்டில் தெசான்காவின் அண்ணன் க்வோஸ்டென் உட்கார்ந்திருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். சர்மாவை விழுங்கிவிட்டு பிரோஷ்காவைப் பார்த்தார்.

"டேய் நெபோய்ஷா, யாருடா இந்தப் பொண்ணு?"

தெசான்கா வாயைத் திறந்தாள். மகனுக்குப் பசிக்கிறதா, என்ன படிக்கிறான், எங்கே வேலை என்று அவன் சார்பில் பதில் சொல்லியே பழகிய வாய் அது. மகனை ஒருமுறை பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு, "அவனையே கேளு" என்றாள்.

பிரோஷ்கா கரண்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவன் பேசாமல் நின்ற அந்த நேரத்துக்குள் பழைய பிரோஷ்காவாக இருந்தால் கணக்கை முடித்து எழுதியிருப்பாள். இந்தத் தடவை எழுதவில்லை. காத்திருந்தாள்.

"பிரோஷ்கா, மாமா. என்கூட வேலை பாக்கறா," என்றான் நெபோய்ஷா.

அவ்வளவுதானா? அவள் தலை தானாகக் குனிந்தது. மாமாவின் சின்னக் கோப்பையில் ராக்கியா நிரம்பி மேசை விரிப்பில் வழிய ஆரம்பித்தது. அவன் பாட்டிலை நிமிர்த்திக் கீழே வைத்தான்.

"அது முழுப் பதில் இல்ல," என்றான். "நான் இவளக் கட்டிக்கணும்னு இருக்கேன். இவகிட்ட இன்னும் கேக்கல. ரொம்ப நாளாவே கேக்கணும்னு நெனச்சு, இவளுக்கே தெரிஞ்சிருக்கும்னு விட்டுட்டேன். இப்பக் கேக்கறேன். பிரோஷ்கா, என்னக் கட்டிக்கறியா?"

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவளுக்குக் கண் நிறைந்து மேசை முழுக்க மங்கலாகத் தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டினாள், ஒரு தடவை இல்லை, நிறைய.

"அது பத்தாது," என்றான் அவன். "தலைய ஆட்டினா நானா எதையாவது நெனச்சுக்குவேன். வாயத் தொறந்து சொல்லு."

"கட்டிக்கறேண்டா," என்றாள்.

முதலில் அவர்களுடைய மொழியில் சொன்னாள். பிறகு, அந்த மேசையில் யாருக்கும் புரியாது என்று தெரிந்தே, தன் அம்மாவிடம் பேசும் மொழியில் இன்னொரு தடவை சொன்னாள்.